துகளை அளக்கும் ஒளி



பட்டாபிராமில் மாலை இரயிலை விட்டிறங்கி நடக்கும்போது, தெருப்புழுதியினூடே விளக்கொளி கற்றையாகத் தெரிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அக்கற்றையை நமக்குக் காட்டுவது புழுதியே. துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு எட்டுகிறது.

இச்சிதறலை ஆராய்ந்து உலகப் புகழ் எய்தியவர் தமிழ்நாட்டவரான சர் சி. வி. இராமன் ஆவார். 1921ஆம் ஆண்டு கப்பற் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அந்நீலம் வானத்தின் எதிரொளிப்பு மட்டுமன்று. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதன் விளைவு என்று அவர் விளக்கினார். அவ்வாராய்ச்சி வளர்ந்து, 1928 பிப்ரவரி 28 அன்று இராமன் விளைவாக மலர்ந்தது. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அதில் அவருக்குத் துணைநின்றார்.

ஒளிச்சிதறல் இன்று நானோ துகள்களின் அளவுகோலாகவும் விளங்குகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். இத்தகைய நுண்துகள்கள் நீரில் ஓரிடத்தில் நிற்பதில்லை. நீர் மூலக்கூறுகள் ஓயாது மோதுவதால் அங்குமிங்கும் அலைகின்றன. சிறியது விரைந்து அலையும். பெரியது மெல்ல அசையும். லேசர் ஒளியை அந்நீரில் செலுத்தினால், சிதறி வரும் ஒளி கூடியும் குறைந்தும் மினுமினுக்கும். மினுக்கம் விரைவாயின் துகள் சிறிது, மெதுவாயின் பெரிது. அலைவுக்கும் அளவுக்கும் உள்ள தொடர்பை 1905இல் ஐன்ஸ்டைன் வாய்பாடாக வகுத்தார். 1960இல் லேசர் பிறந்த பின்னரே இம்முறை ஆய்வுக்கூடங்களில் பரவ வழி பிறந்தது.

எனினும், கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடலாகாது. நம் ஊர் வெயிலில் நீர் 35 பாகை செல்சியசு வெப்பத்தில் இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அதனை 20 பாகை என்று கருவியில் குறித்துவிட்டால் என்ன நேரும்? சூடான நீர் தளர்ந்து, துகள் விரைந்து ஓடும். 100 நானோமீட்டர்த் துகள் ஏறக்குறைய 70 நானோமீட்டராகத் தோன்றும்! தூசும் அவ்வாறே ஏமாற்றும். சிதறும் ஒளி, நுண்துகளின் விட்டத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டி வளர்வது. ஆதலால் 100 நானோமீட்டர்த் துகள் ஒன்று, 10 நானோமீட்டர்த் துகள்கள் ஏறக்குறைய பத்து இலட்சத்துக்கு ஈடாக ஒளிரும். சிறியன அனைத்தும் அவ்வொளியில் மறைந்துபோம். மருந்துக்காகச் செய்த துகளாயின், இப்பிழை நோயாளியின் உடலையே பாதிக்கக்கூடும்.

ஆகவே நீரை வடிகட்டுங்கள். வெப்பத்தை அளந்து குறியுங்கள். ஒருமுறைக்குப் பன்முறை அளந்து பாருங்கள். விலையுயர்ந்த கருவி கிட்டும்வரை காத்திருக்கவும் வேண்டா. ஒரு கண்ணாடிக் குவளை நீரில் சில துளி பால் கலந்து, இருட்டறையில் கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சுங்கள். பக்கவாட்டில் இளநீலமும் எதிர்ப்புறத்தில் செம்மையும் தோன்றும். ஏன் என்று உங்கள் ஆசிரியரை இன்றே கேளுங்கள்.