அளவறிந்து மிதிப்போம்
(காலை சைக்கிள் குழுவினர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் சைக்கிளில் கிளம்புவோர் நம்மில் பலர். அவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் உண்டு. சிலர் முன்னே போகும் இளைஞரைப் பிடித்துவிட வேண்டும் என்று முதல் நாளே மூச்சிரைக்க மிதிக்கின்றனர். மறுநாள் முழங்கால் வலி. அதோடு சைக்கிள் மூலைக்குப் போய்விடுகிறது. நமக்கு எவ்வளவு உழைப்பு ஏற்றது என்பதை அறிய ஒரு வழி உண்டு. அதையே இன்று பேசுகிறோம்.

வேகத்தை வைத்து உழைப்பை அளக்க முடியாது. எதிர்காற்றில் கடினமாக இருக்கும் வேகம், காற்று பின்னால் வீசினால் எளிதாகிவிடும். இதயத் துடிப்பும் முழு அளவுகோல் அல்ல. 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு வெறும் சராசரி. ஒரே வயதுள்ள இருவருக்குள்ளும் பெரிய வேறுபாடு இருக்கும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுவோருக்குத் துடிப்பு குறைவாகவே காட்டும். வெயில் அதைக் கூட்டிக் காட்டும்.

பெடலில் நாம் செலுத்தும் ஆற்றலை வாட் கணக்கில் காட்டும் கருவி பவர் மீட்டர். விலை அதிகம்தான். ஆனால் உடற்பயிற்சிக் கூடங்களில் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள்கள் பலவற்றில் இந்த எண் தெரியும்.

முதலில் நன்றாக உடலைச் சூடேற்ற வேண்டும். பிறகு 20 நிமிடம், கடைசிவரை தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச அளவில் ஒரே சீராக மிதிக்க வேண்டும். அந்த 20 நிமிடச் சராசரியில் 95 சதவீதமே நமது எல்லை அளவு. ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய ஆற்றல் அது. சராசரி 160 வாட் என்றால் எல்லை 152.

அமெரிக்க உடலியல் அறிஞர் ஆண்ட்ரூ கோகன் இந்த எல்லையை வைத்துப் பயிற்சியை ஏழு படிகளாக வகுத்தார். நமக்கு முக்கியமானவை நான்கு. எல்லை 152 உள்ளவருக்குக் கணக்கு இப்படி வரும்:

முதல் படி, 84 வாட்டுக்குக் கீழ்: ஓய்வாக மிதிப்பது.
இரண்டாம் படி, 85 முதல் 114 வரை: நெடுநேரம் ஓட்ட ஏற்றது.
மூன்றாம் படி, 115 முதல் 137 வரை: சற்றுக் கடினம்.
நான்காம் படி, 138 முதல் 160 வரை: எல்லையை ஒட்டியது.

வாரத்தில் பெரும்பாலான நாள்கள் இரண்டாம் படியே போதும். ஒரே ஒரு நாள், ஐந்து நிமிடம் வீதம் மூன்று நான்கு முறை, இடையிடையே ஓய்வுடன் நான்காம் படியைத் தொடலாம். வயது ஏற ஏற உடல் தேறுவதற்கு நாள் கூடுதலாக வேண்டும். ஆகவே அதற்கு மறுநாள் ஓய்வு, அல்லது முதல் படி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்து எண்களை மாற்றிக்கொள்ள வேண்டும். மகனுடைய எண்ணோ நண்பருடைய எண்ணோ நமக்குப் பொருந்தாது.

இன்னொன்றையும் வலியுறுத்துகிறோம். இந்தச் சோதனை இதயத்துக்குக் கடும் வேலை. மருத்துவரைக் கேட்காமல் யாரும் இறங்க வேண்டாம். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். இன்சுலின் போடுவோர் பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும்.

கருவி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பக்கத்தில் வருபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிந்தால் அது ஏறத்தாழ இரண்டாம் படி. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். நாளைக் காலை கிளம்பும்போது பேசிக்கொண்டே போவோம்.