கிளையை வெட்டிவிட்டு நிழலைத் தேடலாமா?

மூடப்பட்ட கிளை ரயில் பாதைகள் காலம் ஒதுக்கிய பழசா, மக்கள் பறிகொடுத்த சொத்தா?

எனக்கு முன்னால் பேசிய நண்பர், "ரயில் போனால் என்ன, பஸ் இருக்கே?" என்று கேட்டுவிட்டுக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். நான் ஊர் ஊராகச் சுற்றப் போவதில்லை ஐயா. ஒரே ஒரு பாதையைச் சொல்கிறேன். மயிலாடுதுறை - தரங்கம்பாடி கிளைப் பாதை. நீளம் சுமார் 30 கிலோமீட்டர். மீட்டர் கேஜ். 1926இல் திறந்தார்கள், 1986இல் மூடினார்கள். அப்புறம் தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த 30 கிலோமீட்டரில் என்னென்ன ஊர்கள் தெரியுமா? மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு, தரங்கம்பாடி. தில்லையாடி என்றால் யார் நினைவுக்கு வருகிறார்? தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் போராட்டத்தில் சிறைக்குப் போய், 1914இல் 16 வயதில் உயிர்விட்டாளே வள்ளியம்மை, அவள் குடும்பத்தின் பூர்வீக ஊர். தரங்கம்பாடி? 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1706இல் சீகன்பால்கு கப்பலில் வந்து இறங்கி, தமிழ் கற்று, தமிழில் நூல் அச்சிட்ட ஊர். அவ்வளவு தூரத்திலிருந்து கப்பல் வந்த ஊருக்கு, மயிலாடுதுறையிலிருந்து ஒரு ரயில் வர வழியில்லாமல் செய்துவிட்டோம் ஐயா! (கைதட்டல்)

நடுவே திருக்கடையூர். அங்கே எதற்குப் போகிறோம்? அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள. கணக்குப் பாருங்கள் நடுவர் அவர்களே. 1926இலிருந்து 1986 எத்தனை வருஷம்? அறுபது! ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அறுபது ஆனால் மாலை மாற்றி, "இன்னும் நூறு வருஷம் இருங்க"ன்னு கும்பிட்டு அனுப்புகிற ஊர் அது. அந்த ஊர் வழியாக ஓடிய ரயிலுக்கு அறுபது ஆனதும் நாம என்ன பண்ணினோம்? கல்யாணம் பண்ணல, காரியம் பண்ணிட்டோம்! (பலத்த கைதட்டல்)

எங்க மாமனார் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு வேன்ல இருபது பேர் போனோம். ஆயுசு நீடிக்கணும்னு கோயிலுக்குப் போறோம். டிரைவர் ஓட்டின ஓட்டத்தைப் பார்த்து எங்க மாமியார் சொன்னாங்க: "கோயில்ல பண்ற பூஜை இருக்கட்டும், இப்ப கோயிலுக்குப் போய்ச் சேர்றதுக்கு முதல்ல ஒரு பூஜை பண்ணுங்கடா!" (சிரிப்பு)

எதிரணி நண்பர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பஸ் வீட்டுப் பக்கத்தில் நிற்கிறது, அடிக்கடி வருகிறது. உண்மைதான். ஆனால் நஷ்டம், நஷ்டம் என்று சொன்னாரே, அந்தக் கணக்கைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொறையாறில் ஒரு குடும்பம் சென்னைக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மயிலாடுதுறை வரைக்கும் கிளைப் பாதை. அதற்குமேல் மெயின் லைன், இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே. தூரத்துக்குத் தகுந்த மாதிரி காசைப் பிரித்தால், கிளைக்கு வருவது சில்லறை. அந்தச் சில்லறையை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு "நஷ்டம்" என்று கிளையை மூடினால், அந்தக் குடும்பம் மயிலாடுதுறைக்கு வந்துதான் ரயில் ஏறும் என்று என்ன நிச்சயம்? வாசலில் ஏறின பஸ்ஸிலேயே சென்னை வரைக்கும் போய்விடாதா? போன காசு கிளையின் காசு மட்டுமா? மெயின் லைன் காசும் சேர்ந்து அல்லவா போச்சு!

வீட்டில் அப்பா சம்பாதிக்கிறார், அம்மா சமைக்கிறாங்க. நோட்டை எடுத்துப் பார்த்தால் அப்பா பேரில் வரவு, அம்மா பேரில் செலவு. அதுக்காக, "அம்மா நஷ்டத்துல ஓடுறாங்க, மூடிடலாம்"னு எவனாவது சொல்வானா? (நீண்ட கைதட்டல்)

"இங்கிலாந்தைப் பாருங்கள், 1960களிலேயே கிளைகளை மூடி மிச்சம் பிடித்தார்கள்" என்றார் நண்பர். பார்த்தேன் ஐயா. 1963இல் பீச்சிங் என்பவர் அறிக்கை கொடுத்தார், ஆயிரக்கணக்கான மைல் பாதை போயிற்று. அதற்கப்புறம் நடந்ததை நண்பர் சொல்லவில்லையே! ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலிருந்து தெற்கே போன பாதையை 1969இல் மூடினார்கள். அதன் ஒரு பகுதியை 2015இல் கோடி கோடியாகச் செலவழித்துத் திரும்பவும் போட்டு ரயில் விட்டார்கள். மூடினவனே திறக்கிறான், நாம இன்னும் மூடினதைப் பாராட்டிக்கிட்டு இருக்கிறோம்.

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம நீடாமங்கலம் - மன்னார்குடி பாதை. பல வருஷம் ரயில் இல்லாமல் கிடந்தது. "செத்துப் போச்சு"ன்னுதான் சொன்னார்கள். 2011இல் திரும்ப ரயில் வந்தது. மன்னார்குடியில் ஏறினால் சென்னையில் இறங்கலாம். பட்டுப்போன கிளை துளிர்க்கும் என்பதற்குச் சாட்சி நம்ம காவிரிக் கரையிலேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. எங்க அப்பாயி வீடு ஆக்கூர் பக்கம். வீட்டில் கடிகாரம் கிடையாது. காலை வண்டி கூவினால், "வண்டி போயிட்டுது, உலையை வைடீ" என்பாங்க. சாயங்காலம் கூவினால் மாட்டைப் பிடிச்சுக் கட்டணும். வண்டி நின்னு போனதும் எங்க அப்பா ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி மாட்டினார். அப்பாயிக்கு மணி பார்க்கத் தெரியாது. கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாக இருந்தபோதும், விடிந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "வண்டி போயிட்டுதாடீ?" என்பதுதான். பொய் சொல்ல மனசு வராது. ஆனாலும், "போயிட்டுது அப்பாயி" என்று சொல்லுவோம். அப்புறம்தான் காப்பி குடிப்பாங்க. (அரங்கில் அமைதி)

இந்த இழப்பை எந்த நஷ்டக் கணக்கில் எழுதுவீர்கள் நண்பரே?

நாளைக்கே எல்லாக் கிளையையும் திறங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கே ஜனம் பெருகியிருக்கிறதோ, எங்கே கோயிலும் கடலும் கல்லூரியும் இருக்கிறதோ, அங்கே கணக்கை முழுசாகப் போட்டுப் பாருங்கள். அதுவரைக்கும் ரயில் போன மண்ணையாவது கைவிட்டுவிடாதீர்கள். தண்டவாளத்தை எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் போடலாம். ஊர்களுக்கு நடுவே நம் பாட்டன்மார் விட்டுக்கொடுத்த அந்த நீள நிலத்தைத் திரும்ப வாங்க முடியாது.

1926இல் பிறந்த பாதைக்கு 2026இல் நூறு. அறுபதில் செய்யத் தவறினதை நூறிலாவது செய்வோம். மூடப்பட்ட பாதை பழசு அல்ல, மக்கள் பறிகொடுத்த சொத்தே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்குவார் என நம்பி அமர்கிறேன்.