தூண்டில்காரனுக்குத் தக்கை மேலே கண்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில், 'சிறு வயதில் நம் கையில் இருந்த பொருள்' என்னும் தலைப்பில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய அம்மையார் தம் பாட்டியின் வெற்றிலை உரலைப் பற்றி மிக அழகாகச் சொன்னார். நான் பேசப்போவது அவ்வளவு மதிப்புக்குரிய பொருள் அல்ல. ஒரு தூண்டில். அதற்குக் கடையில் நாங்கள் கொடுத்த காசு எல்லாம் சேர்த்து இருபது காசைத் தாண்டாது. ஆனால் அந்தத் தூண்டில் விஷயத்தில் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதையும் இன்று சொல்லிவிட்டுத்தான் உட்காரப்போகிறேன்.

நான் 1959-ல் பிறந்தவன். பேராக் மாநிலத்தில் பத்து காஜாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். கிந்தா பள்ளத்தாக்கை அறிந்தவர்களுக்கு அந்த இடம் கண்முன் வந்துவிடும். ஒரு பக்கம் பால்மரம், மறு பக்கம் ஈய லம்பம். ஈயம் எடுத்து முடித்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் குட்டை குட்டையாகக் கிடக்கும். எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு கால்வாய். கால்வாயைத் தாண்டினால் சதுப்பு. சதுப்பைத் தாண்டினால் ஈயக்குட்டை.

கால்வாய் வரைக்கும்தான் அம்மா அனுமதி. "குட்டைப் பக்கம் போனேன்னு தெரிஞ்சுது, காலை முறிச்சு அடுப்புல வச்சிருவேன்" என்பார். அவர் பயம் நியாயமானது. குட்டையின் கரை செங்குத்தாக இறங்கும். கால் வைத்தால் மணல் சரியும். நீந்தத் தெரிந்தவனுக்கும் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது.

ஐந்து உறுப்பு

தூண்டிலுக்கு உறுப்பு ஐந்து. கழி, நரம்பு, தக்கை, ஈயம், முள். இன்று கடைக்குப் போனால் ஐந்தும் ஒரே பெட்டியில் கிடைக்கும். எங்களுக்கு அவை ஐந்து இடத்திலிருந்து, ஐந்து மனிதர்களிடமிருந்து வந்தன.

கழி, இரவுக் காவல் பார்த்த ஜாகா தாத்தா கொடுத்தது. மூங்கிலில் இளசும் ஆகாது, முற்றலும் ஆகாது. இளசு காய்ந்தால் சுருங்கிவிடும். முற்றியது வளையாமல் ஒடியும். அடிப்பக்கம் கட்டை விரல் பருமன், நுனி ஈர்க்குச்சிக்குக் கொஞ்சம் மேல். அப்படி ஒன்றை அவரே தேடி வெட்டுவார். தணலில் வாட்டி, கோணலை முட்டியில் வைத்து நிமிர்த்துவார். பிறகு நுனியில் ஒரு கல்லைக் கட்டி, கூரை விளிம்பில் தொங்கவிடுவார். "பதினஞ்சு நாளைக்குத் தொடாதே தம்பி" என்பார். எங்களுக்கு அந்தப் பதினைந்து நாள் ஒரு வருஷம்.

நரம்பு, சீனர் கடைத் தவுக்கேயிடம். மலாய்க்காரர்கள் 'தங்சி' என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்வோம். இரண்டு கையையும் விரித்து ஒரு பாகம், இரண்டு பாகம் என்று அளந்து கொடுப்பார். சிறுவர்கள் போனால் கையைக் கொஞ்சம் தாராளமாகவே விரிப்பார். அப்பா அதைத் தொட்டுப் பார்த்து, "எங்க காலத்துல வெறும் பருத்தி நூல்தான். நாலு தடவை நனைஞ்சா இத்துப் போயிரும்" என்பார். நைலான் என்ற ஒன்றே 1938-ல்தான் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அப்பாவின் சிறு வயதுத் தூண்டிலுக்கு அது எப்படி வந்து சேர்ந்திருக்கும்?

தக்கைக்கு மரவள்ளித் தண்டு. தண்டைப் பிளந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சு போல ஒரு சோறு இருக்கும். காயவைத்தால் காற்றுப் போல லேசாகிவிடும். ஆனால் அரை மணி நேரத்தில் தண்ணீர் குடித்து மூழ்கத் தொடங்கும். பிறகு அக்காவின் ஜப்பான் சிலிப்பர் அறுந்தது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கட்டினோம். அது மூழ்கவே இல்லை. அறுந்த சிலிப்பரைத் தைத்துக் கொடுப்பதாகச் சொல்லி வாங்கியிருந்தேன். அந்த வழக்கு அக்காவுக்கும் எனக்கும் இன்னும் நடக்கிறது.

ஈயம் என்று சொன்னேன். எங்கள் வட்டாரத்து மண்ணில் தோண்டியது வெள்ளீயம். தூண்டிலில் கட்டியது காரீயம். பேர் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு. பால் ஏற்றும் லாரியின் ஓட்டுநர், சக்கரத்தில் சமநிலைக்கு வைக்கும் ஈயக் கட்டி கழன்று விழுந்தால் எங்களுக்காக எடுத்து வைப்பார். நறுக்கி, நரம்பைச் சுற்றி வைத்து, பல்லால் கடித்து இறுக்குவோம். அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. காரீயம் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தூண்டில் ஈயத்தை விழுங்கி அன்னப் பறவைகள் செத்ததால், பிரிட்டனில் 1987-ல் சிறிய ஈயக் குண்டுகளுக்குத் தடை போட்டார்கள். அன்னங்களுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு 1960-களில் எங்கள் பல்லுக்குக் கிடைக்கவில்லை. இன்று எந்தப் பிள்ளையும் அப்படிக் கடிக்க வேண்டாம் என்று இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன்.

முள்

கடைசியாக முள். தூண்டிலுக்கு உயிர் அதுதான். முதலில் குண்டூசியை வளைத்துப் பார்த்தோம். மீன் கடிக்கும், தூக்கினால் நழுவிவிடும். கடை முள்ளில் நுனிக்குக் கீழே பின்னோக்கிச் சின்ன நாக்கு ஒன்று இருக்குமே, அதை எந்தச் சிறுவனாலும் செய்ய முடியாது. தவுக்கே கடையில் நார்வே நாட்டு மஸ்தாட் முள் இருக்கும். அந்தக் குடும்பத்தார் 19-ஆம் நூற்றாண்டிலேயே முள் செய்யத் தொடங்கியவர்கள். பனி பெய்யும் நாட்டு முள்ளும், லயத்துக்குப் பின்னால் வளர்ந்த மூங்கிலும், அக்காவின் சிலிப்பரும் சேர்ந்ததுதான் என் தூண்டில்.

சிறிய முள்ளில் மண்புழுவைக் கோத்தால் கால்வாயில் செப்பாட் வரும், கெளுத்தி வரும், ஜப்பான் மீன் என்று நாங்கள் சொன்ன திலாப்பியா வரும். விராலுக்கு அந்த முள் போதாது. விரால் வாயை மூடினால் சின்ன முள் நிமிர்ந்துவிடும்.

பெரிய முள் வைத்திருந்தது பக்கத்து வீட்டு நண்பன். அவன் பெயரை இங்கே சொல்லவில்லை. நண்பன் என்றே சொல்கிறேன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. அவன் அப்பா ஈப்போவுக்குப் போனபோது தடித்த முள் நான்கு வாங்கி வந்திருந்தார். வட்டமான சிகரெட் டின்னில், தேங்காய் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி அவன் வைத்திருப்பான். அதைத் தொட்டுப் பார்க்கவே அனுமதி கேட்க வேண்டும்.

1969 கடைசியில் என் தம்பி பிறந்தான். அம்மா மிகவும் தளர்ந்துபோனார். "பிள்ளை பெத்த உடம்புக்கு விரால் ஆக்கிக் குடுங்க, புண்ணு ஆறும்" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். மலாய்க்காரர்களும் சீனர்களும் அதையேதான் சொல்வார்கள். 1990-களிலிருந்து நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களே விராலை எடுத்து ஆராய்ந்திருக்கின்றன. ஆனால் அன்று சந்தையில் விரால் வாங்க எங்கள் வீட்டில் காசு இல்லை. மளிகைக் கடையின் 555 புத்தகத்தில் எங்கள் பக்கம் நிரம்பியிருந்தது.

நான் கேட்கவில்லை. நண்பனே டின்னோடு வந்தான். சதுப்பின் ஓரத்தில், சிறு தவளையை முள்ளில் கோத்து, புல்லுக்கு நடுவே தண்ணீரின் மேல் தத்தித் தத்திப் போவதுபோல் ஆட்டினான். மூன்று நாள் மாலையில் போனோம். மூன்றாம் நாள் தண்ணீர் வெடித்ததுபோல் ஒரு சத்தம். கழி வில்லாக வளைந்தது. என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். ஒரு துண்டு கூட அவன் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. "அத்தைக்குக் குடுடா" என்றான். என் அம்மாவை அவன் அத்தை என்றுதான் கூப்பிடுவான்.

கப்பல்

1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றார்கள். 1969-லும் 1970-லும் தோட்டப்புறங்களில் அதே பேச்சுதான். என் அப்பாவிடம் நீல அடையாள அட்டை. நண்பனின் அப்பாவிடம் சிவப்பு. இத்தனை ஆண்டும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர்கள். அட்டையின் நிறத்தை யாரும் கேட்டதில்லை. ஆயிரக்கணக்கான நம்மவர்கள் அப்போது கப்பல் ஏறினார்கள். பெரியவர்களுக்கு 'ரஜூலா' என்ற பெயர் நினைவிருக்கும்.

அவர்கள் புறப்பட்டது 1970-ல். பத்து காஜாவிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து பினாங்கு. முதல் நாள் இரவு நண்பன் அந்த டின்னை என் கையில் வைத்தான்.

"பத்திரமா வச்சிரு. நான் வந்து வாங்கிக்கிறேன்" என்றான்.

"சரிடா" என்றேன்.

இரண்டு மாதம் போனது. பட்டணத்துத் தியேட்டரில் எம்.ஜி.ஆர். படம் வந்தது. முன் வரிசைக்கு நாற்பது காசு, கச்சான் பூத்தேக்குப் பத்து காசு. என்னிடம் ஒன்றும் இல்லை. மேல் லயத்துப் பையன் ஒருவன் அந்த டின்மேல் வெகு நாளாகக் கண் வைத்திருந்தான். ஐம்பது காசுக்கு விற்றுவிட்டேன். படத்தில் என்ன சண்டை, என்ன பாட்டு, ஒன்றும் இப்போது நினைவில் இல்லை. டின்னின் மூடியில் இருந்த கீறல் நினைவிருக்கிறது.

அதற்கடுத்த மாதம் இந்தியாவிலிருந்து நீல நிற வான்கடிதம் வந்தது. ஊரைப் பற்றி, கிணற்றைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் தன்னை 'மலேயாக்காரன்' என்று கூப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றி எழுதியிருந்தான். கடைசி வரியில், "முள்ளுக்கு மாதம் ஒரு தரம் எண்ணெய் போடு, மழைக் காலத்தில் துரு பிடிக்கும்" என்று இருந்தது.

எப்படியோ ஐம்பது காசு சேர்த்துக்கொண்டு மேல் லயத்துக்கு ஓடினேன். அந்தப் பையன் கையை விரித்தான். இரண்டு முள் ஈயக்குட்டையில் அமிழ்ந்து கிடந்த மரக்கட்டையில் சிக்கி அறுந்துபோனதாம். மற்ற இரண்டையும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டானாம். டின்னில் அவன் அம்மா மூக்குப்பொடி வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து பதில் எழுதினேன். "எண்ணெய் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று எழுதினேன். அதுதான் நான் சொன்ன பொய்.

மேலும் இரண்டு கடிதம் வந்தது. ஒவ்வொன்றிலும் முள்ளை விசாரித்திருந்தான். எழுதக் கூசி, நான் எழுதுவதை நிறுத்தினேன். பிறகு நாங்களும் தோட்டம் மாறினோம். அவனுடைய முகவரியும் எங்கேயோ தொலைந்தது.

இன்று

1985-ல் ஈய விலை சரிந்தது. கிந்தாவின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எங்கள் பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. சென்ற ஆண்டு பேரனை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். லயம் இருந்த இடத்தில் செம்பனை மட்டை கிடந்தது. கால்வாய் இருக்கிறது. மூங்கில் புதர் இல்லை.

பேரனிடம் கார்பன் இழைத் தூண்டில் இருக்கிறது. சுருள் உருளை, செயற்கை மீன் எல்லாம் உண்டு. நல்ல பொருள்தான், நான் குறை சொல்லவில்லை. அவன் கேட்டான், "தாத்தா, உங்க ராட் எவ்வளவு?" என்று. எனக்கு விலை சொல்ல வரவில்லை. ஜாகா தாத்தா, தவுக்கே, அக்கா, லாரிக்காரர், நண்பன் என்று ஐந்து பேரைச் சொன்னேன். நால்வருக்கு நான் கடன்பட்டவன். ஐந்தாமவனுக்குத் துரோகம் செய்தவன். அதையும் சேர்த்தே பேரனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாரி சொல்லிட்டீங்களா தாத்தா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விதான் என்னை இந்த மேடைக்கு அழைத்து வந்தது.

நேயர்களே, நம் வீடுகளில் இப்படி ஒரு டின் கட்டாயம் இருக்கும். யாரோ நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பொருள், பதில் எழுதாமல் விட்ட கடிதம். முகவரி கையில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

தூண்டில்காரனுக்குத் தக்கை மேலே கண் என்பார்கள். நானும் இத்தனை ஆண்டு அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நண்பா, நீ எங்கே இருந்தாலும், 1970-ல் எழுதிய அந்தக் கடிதத்தை இன்று இத்தனை பேர் முன்னிலையில் திருத்திக்கொள்கிறேன். முள் என்னிடம் இல்லை. அதற்கு நான் எண்ணெய் போடவும் இல்லை. ஐம்பது காசுக்கு விற்றுவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

அந்த விராலைச் சாப்பிட்டுத்தான் அம்மா எழுந்து நடந்தார். உன் அத்தை எண்பத்திரண்டு வயது வரை இருந்தார். அதையும் உனக்கு எழுதியிருக்க வேண்டும்.