பின்னிருந்து முன்னாக ஒரு வாசிப்பு



ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜேன் ஹார்ப்பர், காவல்துறை அலுவலர் ஆரன் ஃபால்க்கை வைத்து மூன்று துப்பறியும் நாவல்கள் எழுதியுள்ளார். ‘தி டிரை’ (2016) மழை பொய்த்த கீவாரா என்னும் சிற்றூரிலும், ‘ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர்’ (2017) குளிர்ந்த மலைக்காட்டிலும், ‘எக்ஸைல்ஸ்’ (2022) தென் ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களிடையிலும் நிகழ்கின்றன. நான் கடைசி நாவலில் தொடங்கி முதல் நாவலில் முடித்தேன்.

இதில் இழப்பு உண்டு. ஃபால்க் உயிர் பிழைப்பாரோ என்னும் அச்சம் எழுவதில்லை. ஆயினும் குற்றம் அந்தந்த நூலிலேயே தீர்ந்துவிடுகிறது. தொடர்ந்து செல்வது மனித வாழ்வே.

மூன்றாம் நூலில் நண்பர் ராக்கோவின் குழந்தைக்கு ஞானத்தந்தையாக வருகிறார் ஃபால்க். பின்னர் முதல் நூலைத் திறந்தால், அவ்விருவரும் அயலாராகச் சந்திக்கின்றனர். வெறும் அலுவல் பேச்சு, வரவிருக்கும் நட்பின் முதற்சொல்லாக ஒலிக்கிறது. இரண்டாம் நூலில், மறைந்த தந்தையின் வரைபடங்களை ஃபால்க் புரட்டுகிறார். தந்தையும் மகனும் ஊரைவிட்டு வெளியேறிய துயரம் முதல் நூலிலேயே விரிகிறது. வடுவை முன்னரும் அடியைப் பின்னரும் காண்கிறோம்.

நிலமும் அவ்வாறே. தோழி எல்லி மூழ்கி இறந்த ஆறு, ஃபால்க் திரும்பி வருகையில் வறண்டு கிடக்கிறது. பசுமையைக் கடந்து வந்த எனக்கு அவ்வறட்சி இன்னும் கொடிதாயிற்று.

அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பாடல்கள் யாவும் பாலை. நிகழ்ச்சி வரிசையன்றித் திணை வரிசையில் பயின்றவர்கள் நாம். ஆதலின், முதல் நூலுக்காகக் காத்திராமல் கைக்கு எட்டியதைப் படியுங்கள். மனிதரையும் நாம் அவர்தம் வாழ்வின் நடுவில்தானே சந்திக்கிறோம்?