டிசம்பர் டிரிப்பை பீரோவிலிருந்து ஆரம்பிங்க

 

அக்டோபர் மாசம் பொறந்தா எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "டிசம்பர்ல வெளிநாடு போகலாம்னு இருக்கோம், எங்க போறது, எவ்வளவு ஆகும்?" அதுக்கு ஒரு லிஸ்ட் வாசிக்கறதைவிட, 2024 டிசம்பர்ல நான் அப்பா அம்மாவைக் கூட்டிட்டு மலேசியா போன கதையைச் சொல்றேன். நான் பண்ணின தப்பெல்லாம் அதுலயே வந்துடும். நீங்க பண்ண வேண்டியது என்னன்னும் அதுலயே தெரிஞ்சுடும்.

முதல்ல, ஏன் டிசம்பர்? நான் சரவணம்பட்டி பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில வேலை பாக்கறேன். கிளையன்ட் அமெரிக்காக்காரங்க. டிசம்பர் மூணாவது வாரம் அவங்க கிறிஸ்துமஸ் லீவுல போயிடுவாங்க, எங்களுக்கு கோட் ஃப்ரீஸ் வந்துடும், புதுசா எதையும் ரிலீஸ் பண்ண மாட்டோம். வருஷத்துல மேனேஜர் முகம் சுளிக்காம லீவு குடுக்கற ஒரே நேரம் அதுதான். ஸ்கூல் அரையாண்டு லீவும் அப்பத்தான். ஊரே ஒண்ணா கிளம்பறதால டிக்கெட் விலையும் அப்பத்தான் ஏறும்.

எங்க வீடு அன்னூர் பக்கம். தோட்டம், ரெண்டு மாடு. அம்மாவுக்கு அப்ப 57 வயசு. அதுவரைக்கும் அவங்க போன தூரம்னா பழனி, திருப்பதி, ஒரு தடவை ராமேஸ்வரம். நான் "அம்மா, வெளிநாடு போலாமா"ன்னு கேட்டதுக்கு வந்த முதல் பதில், "மாட்டை யாரு கண்ணு கறக்கறது?" கொங்கு நாட்டுல எந்தப் பயணத்துக்கும் இதுதாங்க முதல் விசா. அதை சித்தப்பா குடுத்தார். "பத்து நாள் நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க அண்ணி"ன்னுட்டார்.

எங்க போறதுன்னு முடிவு பண்ணதும் அம்மாதான். ஃபோன்ல பத்துமலை முருகனைப் பாத்திருக்காங்க. கோலாலம்பூர் பக்கத்துல அந்த சுண்ணாம்புக் குகைக்கு முன்னாடி நிக்கற தங்க நிற முருகன், 42.7 மீட்டர் உயரம், 2006ல திறந்தாங்க. "பழனிக்காரன் அங்க எப்படிப் போனான்னு பாக்கோணும்"னாங்க. அவ்வளவுதான், மலேசியா.

இன்னொரு காரணமும் இருந்துச்சு. இந்தியப் பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்களுக்கு 2023 டிசம்பர் 1லேர்ந்து மலேசியாவுல 30 நாள் வரைக்கும் விசா தேவையில்லைன்னு அறிவிச்சிருந்தாங்க. நான் பிளான் பண்ணப்ப அந்தச் சலுகை 2024 டிசம்பர் 31 வரைக்கும்தான். அதனால புத்தாண்டுக்கு முன்னாடியே திரும்பி வர்ற மாதிரி தேதி வெச்சேன். அப்புறம் டிசம்பர் கடைசியில, 2026 டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிச்சுட்டாங்க. இப்படித்தாங்க இந்த விதியெல்லாம். போன வருஷம் போனவர் சொன்னாருன்னு நம்பாதீங்க. கிளம்பற மாசத்துல அந்த நாட்டு அரசாங்கத்தோட பக்கத்துல ஒரு தடவை பாத்துடுங்க.

அடுத்து வானிலை. இதுல நான் முதல் தப்பு பண்ணினேன். மலேசியான்னதும் எனக்குப் பெர்ஹென்தியான் தீவு, நீலக் கடல், ஸ்நோர்கெலிங். போட்டோ எல்லாம் பாத்து மயங்கிட்டேன். ஆனா அது கிழக்குக் கரை. நமக்கு ஐப்பசி கார்த்திகையில அடைமழை குடுக்கற அதே வடகிழக்குப் பருவக்காத்துதான் அங்கயும் அடிக்கும். நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் அந்தத் தீவுகள்ல பெரும்பாலான விடுதி மூடித்தான் இருக்கும். 2024 நவம்பர் கடைசியில கிளந்தான், திரெங்கானு மாநிலங்கள்ல பெரிய வெள்ளமே வந்துச்சு. லட்சத்துக்கும் மேல ஜனங்க வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாப் போச்சு. அதே டிசம்பர்ல மேற்குக் கரையில இருக்கற பினாங்கு, லங்காவி பரவாயில்ல.

தாய்லாந்துலயும் இதே கதைதான். டிசம்பர்ல புக்கெட் பக்கம் நல்ல வெயில், கோ சாமுய் பக்கம் மழை விட்டிருக்காது. பாலித் தீவுக்கு அது மழைக்காலம். சிங்கப்பூருக்கு டிசம்பர், ஜனவரிதான் அதிக மழை. குளிர்கால லீவுங்கறது காலண்டர்ல இருக்கற பேரு. போற இடத்துல அது என்ன காலம்னு பாத்துட்டு இடத்தை முடிவு பண்ணுங்க.

விமானம். கோயமுத்தூர்லேர்ந்து நேரா வெளிநாடுன்னா சிங்கப்பூர், ஷார்ஜா, 2024 ஆகஸ்ட்லேர்ந்து அபுதாபி. கோலாலம்பூருக்கு நேரா வேணும்னா திருச்சிக்குப் போகணும். அன்னூர்லேர்ந்து கார்ல அஞ்சு மணி நேரம் வெச்சுக்கங்க. சென்னை வழியா மாறிப் போறதுக்கு, வயசானவங்களைக் கூட்டிட்டு திருச்சி போறது எனக்கு லேசாப் பட்டுச்சு. அக்டோபர் முதல் வாரம் ஒரு ஆஃபர் வந்துச்சு. மூணு டிக்கெட், ராத்திரி பன்னெண்டு மணிக்கு உக்காந்து புக் பண்ணிட்டேன். கிளம்பறது டிசம்பர் 21. காலையில எந்திரிச்சு ஹீரோ மாதிரி சொன்னேன். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பாஸ்போர்ட்டைப் பாத்தியா?"

பாக்கலை. இது ரெண்டாவது தப்பு, பெரிய தப்பு.

அப்பாகிட்ட பாஸ்போர்ட் இருக்குன்னு எனக்குத் தெரியும். 2015ல ஏதோ விவசாயக் கண்காட்சிக்குப் போகணும்னு எடுத்தது, கடைசியில போகலை. பீரோவுல மஞ்சப்பைக்குள்ள, பத்திரத்தோட பத்திரமா இருந்துச்சு. எடுத்துப் பாத்தா, முடியற தேதி 2025 ஏப்ரல் 9. "இன்னும் ஆறு மாசம் இருக்குதே"ன்னார். இருக்குங்க, அன்னிக்குக் கணக்குப்படி. ஆனா மலேசியாவுல போய் இறங்கற அன்னிக்கு ஆறு மாசம் பாக்கி இருக்கணும். டிசம்பர் 21லேர்ந்து எண்ணினா மூணரை மாசம்தான் வருது. நிறைய நாட்டுல இதே விதிதான். ஏர்போர்ட் கவுன்டர்லயே போர்டிங் பாஸ் குடுக்க மாட்டாங்க.

இன்னொண்ணும் அப்பத்தான் கவனிச்சேன். ஆதார்ல அப்பா பேரு இன்ஷியலோட இருக்கு. நான் அதைப் பாத்துத்தான் டிக்கெட் போட்டிருந்தேன். பாஸ்போர்ட்ல இன்ஷியல் கிடையாது, விரிச்சு எழுதணும். உதாரணத்துக்கு, ஆர். துரைசாமின்னு ஊரெல்லாம் கூப்பிடற ஆளு, பாஸ்போர்ட்ல துரைசாமி ராமசாமியா இருப்பார். டிக்கெட்ல இருக்கற பேரு பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கணும். திருத்தறதுக்குக் காசு கட்டினேன். ஆஃபர்ல மிச்சம் பிடிச்சது அதுல போச்சு.

அப்பாவோடது ரீஇஷ்யூ. சாதாரணமா 1,500 ரூபாய், தட்கல்னா கூட 2,000. தீபாவளி நேரம்கறதால தட்கல்லயே போட்டோம்.

இப்ப அம்மா. அவங்களுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. ஆதார்ல பிறந்த தேதி ஜனவரி 1. பான் கார்டுலயும் ஜனவரி 1. அம்மாவைக் கேட்டா, "நான் பொறந்தது ஆடி மாசம் கண்ணு." நம்ம ஊர்ல தேதி தெரியாத தலைமுறைக்கே ஜனவரி 1 தானே பிறந்தநாள்! ரெண்டு கார்டும் ஒத்துப் போனதால அதைத் தொடாம விட்டுட்டோம். ஆதார்ல பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாத்த விடுவாங்க. அவசரத்துல கை வெச்சுடாதீங்க.

அப்புறம் இ.சி.ஆர். நம்மூர்ல இ.சி.ஆர்.னா மகாபலிபுரம் போற ரோடு. பாஸ்போர்ட்ல அது வேற. பத்தாவது தேறாதவங்க மலேசியா, வளைகுடா மாதிரி 18 நாட்டுக்கு வேலைக்குப் போறப்ப ஏமாந்துடக் கூடாதுன்னு வெச்சிருக்கற குடிபெயர்வுச் சோதனை. அம்மா படிச்சது எட்டாவது. ஃபார்ம் நிரப்பிக் குடுக்கற கடையில, "அம்மாவுக்கு இ.சி.ஆர். தாங்க விழும்"னு சொல்லிட்டாங்க. அம்மா முகம் சுருங்கிடுச்சு. "படிக்காதவளுக்கு எதுக்கு இதெல்லாம், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க"ன்னாங்க. வீட்டுக்கு வந்து விதியைத் தேடிப் படிச்சேன். 50 வயசு தாண்டினவங்களுக்கு அந்தச் சோதனை கிடையாது, படிப்பு எதுவா இருந்தாலும். அப்படியே இ.சி.ஆர். இருந்தாலும், சுற்றுலாவுக்குப் போக அது தடையே இல்ல. உங்க வீட்டுலயும் யாராச்சும் இதைக் கேட்டு ஒதுங்கி நின்னாங்கன்னா, இதைச் சொல்லுங்க.

கடைசியா பேரு. அதே கடையில, "சர்நேம் காலியா விட்டுடலாமுங்க, அம்மாவுக்கு ஒரே பேருதானே"ன்னாங்க. வேண்டாம்னேன். 2022 நவம்பர்ல அமீரகம், பாஸ்போர்ட்ல ஒரே பேரு மட்டும் இருக்கறவங்களை விசிட் விசாவுல விட மாட்டோம்னு அறிவிச்சு, நம்ம ஊர்க்காரங்க நிறைய பேரு குழம்பிப் போனாங்க. கோயமுத்தூர்லேர்ந்து அந்தப் பக்கம் நேரா விமானம் இருக்கு, நாளைக்குத் தேவைப்படும்.

சரி, யார் பேரைப் போடறது? அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டாங்க, "எங்கப்பன் பேரு போட முடியாதா கண்ணு?"

எனக்குச் சட்டுன்னு பதில் வரலை. ஆதார்ல அப்பா பேரோட முதலெழுத்து இருக்கு. அதை மாத்திட்டு வந்து அப்ளை பண்ணணும்னா டிசம்பர் தாண்டிடும். டிக்கெட்டை நான் அவசரப்பட்டு எடுத்ததால, அவங்க கேட்டதைச் செய்ய நேரமில்லை. சொன்னேன். "சரி, உங்கப்பா பேரையே போடு"ன்னாங்க. கோவமா ஒண்ணும் சொல்லலை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது. ஒரு ரெண்டு மாசம் முன்னாடி அந்த மஞ்சப்பையை எடுத்திருந்தா போதுமே.

நவம்பர் மூணாவது வாரம் போலீஸ் விசாரணையெல்லாம் முடிஞ்சு அம்மா பாஸ்போர்ட் ஸ்பீடு போஸ்ட்ல வந்துச்சு. அவங்க கையாலதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாங்க. கவரைப் பிரிச்சு, கடைசிப் பக்கம் காட்டினேன். அங்க அப்பா பேரு, அம்மா பேரு, வீட்டுக்காரர் பேருன்னு தனித்தனியா அச்சாகியிருக்கும். எங்க அப்புச்சி பேரு அங்க இருந்துச்சு. அம்மா கண்ணாடி போட்டு, எழுத்துக்கூட்டி படிச்சாங்க. "இருக்குது பாரு"ன்னு அப்பாகிட்ட காட்டினாங்க. அப்பா பாஸ்போர்ட் டிசம்பர் 4ஆம் தேதி வந்துச்சு. அதுவரைக்கும் நான் சரியாத் தூங்கலைங்க.

பணத்தைப் பத்தியும் சொல்லிடறேன். அப்ப ஒரு ரிங்கிட் சுமார் 19 ரூபாய். வெளிநாட்டுல கார்டு தேய்க்கறப்ப மெஷின், ரூபாயா ரிங்கிட்டான்னு கேட்கும். அந்த ஊர் காசையே தேர்ந்தெடுங்க. ரூபாய்னு அமுக்கினா மாத்து விலையை கடைக்காரரோட பேங்க் போடும், அது அதிகமா இருக்கும். வெளிநாட்டு பேக்கேஜ் எடுத்தா டி.சி.எஸ். பிடிப்பாங்க. அது தனிச் செலவு இல்ல, வரி ரிட்டர்ன் போடறப்ப கழிச்சுக்கலாம். அதனால ரிட்டர்ன் போடறவங்க பான் நம்பர்ல பணத்தைக் கட்டுங்க. அப்புறம், மலேசியாவுக்கு டிஜிட்டல் வருகை அட்டை ஒண்ணு இருக்கு. போய் இறங்கறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும். இலவசம். யாராச்சும் காசு கேட்டா அது வேற சைட்டு.

திருச்சியில இமிக்ரேஷன் அதிகாரி அம்மாகிட்ட, "எதுக்கும்மா போறீங்க?"ன்னார். நான் ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் பேப்பரெல்லாம் கையில வெச்சுட்டுப் பின்னாடி நிக்கறேன். அம்மா, "சாமி கும்பிடப் போறேனுங்க"ன்னாங்க. அவர் சிரிச்சுட்டு முத்திரை வெச்சார்.

பத்துமலையில 272 படி. அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால கீழேயே இருந்து பாத்துட்டு வர்ற மாதிரிதான் பிளான். மேல ஏற முடியாம கீழ பெஞ்சுல உக்காந்தது அப்பா. அம்மா நின்னு நின்னு, முக்கால் மணி நேரத்துல மேல போயிட்டாங்க. கேமரன் மலைக்குப் போனப்ப மட்டும் அப்பா, "இதுக்கு ஊட்டிக்கே போயிருக்கலாமே"ன்னார். தேயிலை, குளிர், ஸ்ட்ராபெர்ரி. அவர் சொன்னதும் தப்பில்லைங்க.

போன மாசம் ஆதார் மையத்துக்குப் போயி அம்மா பேரை மாத்தலாமான்னு கேட்டேன். "அடுத்த பாஸ்போர்ட்டுக்குப் பாத்துக்கலாம் போ"ன்னாங்க. அப்ப அவங்களுக்கு 67 வயசு ஆகியிருக்கும்.

இந்த டிசம்பருக்கு யோசிக்கறவங்க, இன்னிக்கு ராத்திரியே பீரோவைத் திறந்து எல்லாரோட பாஸ்போர்ட்லயும் முடியற தேதியைப் பாருங்க. இல்லாதவங்க இருந்தா, எந்தப் பேரு வேணும்னு அவங்களையே முதல்ல கேளுங்க. டிக்கெட் அப்புறம். சந்தேகம் இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம். போயிட்டு வர்றேனுங்க.