குணமான பின் வரும் இன்னொரு ரத்தப் புற்றுநோய்

கழுத்தில் நெறி கட்டி, ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்து, மாதக்கணக்கில் கீமோ எடுத்துக் குணமடைகிறார் ஒருவர். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து உடம்பு வெளுக்கிறது, ஈறில் ரத்தம் கசிகிறது. "பழைய நோய்தான் திரும்பிவிட்டது" என்று வீட்டார் கலங்குகிறார்கள். அப்படி இல்லாமலும் போகலாம். எலும்பு மஜ்ஜையில் முளைக்கும் லுக்கீமியா என்ற வேறொரு புற்றுநோயாக அது இருக்கலாம். அதற்கு மருத்துவமும் வேறு.

இது ஏன் நேர்கிறது? 1832இல் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த அந்த நோய், உடலெங்கும் பரவிவிட்டால் உயிரைக் குடித்தே தீரும் என்ற நிலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1960களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வின்சென்ட் டிவீட்டாவும் சகாக்களும் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் கூட்டு மருந்துக்கு மாப் என்று பெயர். நோய் பரவியவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைத்தார்கள். மருத்துவ வரலாற்றின் மகத்தான வெற்றிகளில் ஒன்று என்றே அதை நான் சொல்வேன்.

ஆனால் பிழைத்தவர்களில் சிலருக்குப் பிறகு லுக்கீமியா வந்தது. அந்த நான்கில் ஒன்று, போரில் பயன்பட்ட மஸ்டர்ட் வாயுவின் ரசாயன உறவு. புற்றுசெல்லின் டிஎன்ஏவைச் சிதைத்துக் கொல்லும் அந்த வகை மருந்து, மஜ்ஜையின் மூலசெல்களையும் காயப்படுத்துகிறது. பெரும்பாலும் 5 முதல் 7 ஆண்டுகளில் அதன் விளைவு தெரியும். எட்டோபோசைடு போன்ற வேறு வகைப் புற்றுநோய் மருந்துகளால் வருவது இன்னும் சீக்கிரம், 1 முதல் 3 ஆண்டுகளிலேயே வரலாம். இத்தாலியின் மிலான் நகரில் ஜியானி பொனடோனா 1970களில் வகுத்த ஏபிவிடி என்ற கூட்டு மருந்தில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது. மாப் பின்னுக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மருந்து மட்டுமே காரணமும் அல்ல. வயதாக ஆக, சிலருடைய மஜ்ஜையில் மரபணு பழுதுபட்ட செல்கள் சத்தமில்லாமல் இருக்கும். களைக்கொல்லிக்குத் தப்பிய களை வெறும் வயலில் பரவுவது போல, கீமோவுக்குப் பிறகு அவை பெருகுகின்றன.

ஒரு ரத்தப் புற்றுநோயைத் தொடர்ந்து இன்னொன்று வரும் வேறொரு வகையும் உண்டு. நாள்பட்ட லிம்ஃபோசைட் லுக்கீமியா உள்ள சிலருக்கு, நிணநீர்க் கணுவில் வேகமாக வளரும் லிம்போமா தோன்றும். 1928இல் இதை விவரித்தவர் மாரிஸ் ரிக்டர். பெரும்பாலும் அது பழைய நோயின் வாரிசு. சிறுபான்மையோருக்கு மட்டும் அது தொடர்பே இல்லாத புது நோய். அவர்கள் பிழைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நன்றாக இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டு யாரும் கீமோவை மறுத்துவிடாதீர்கள். இரண்டாவது நோய் வருவது சிலருக்கே. முதல் நோயைக் கவனிக்காமல் விட்டால் வரும் ஆபத்து அதைவிடப் பன்மடங்கு பெரிது.

சிகிச்சை முடிந்த வீடுகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். "அதை ஏன் இன்னும் வைத்திருக்க வேண்டும்?" என்று பழைய சிகிச்சை ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு, உடம்பில் எங்கே கதிர்வீச்சு என்ற விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. மருத்துவர் சொன்ன தவணையில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதித்துப் பாருங்கள். தீராத களைப்பு, காரணமில்லாத காய்ச்சல், அடிபடாமலே தோலில் நீலத் திட்டு என்று எது வந்தாலும் அந்த ஃபைலோடு மருத்துவரிடம் போங்கள். "எனக்கு முன்பு கீமோ கொடுத்திருக்கிறார்கள்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.