இளையோரின் தோற்றக் கவலையும் சமூக ஊடகங்களும்

(மொன்றியல் வாழ் தமிழ்ப் பெற்றோர்க்கும் இளையோர்க்குமான உரையின் எழுத்து வடிவம்)



2009ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் கியூபெக்கில் ஒரு சாசனம் வெளியிடப்பட்டது. ஆரோக்கியமானதும் பன்முகத்தன்மை கொண்டதுமான உடற்தோற்றத்திற்கான சாசனம் என்பது அதன் பெயர். அப்போதைய பண்பாட்டு அமைச்சர் கிறிஸ்ரீன் சென்-பியேர் அதனை முன்னின்று அறிமுகஞ் செய்தார். மிகையான மெலிவையே அழகெனக் காட்டும் விளம்பரங்களையும் நவநாகரிக ஆடைத் துறையையும் கருத்திற்கொண்டு எழுதப்பட்ட அதில் கையொப்பமிடுவது அவரவர் விருப்பம். அடுத்த ஆண்டே இன்ஸ்ரகிராம் பிறந்தது. சஞ்சிகை அட்டைகளில் இருந்த படங்கள் பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்குள் குடிபெயர்ந்தன.

சஞ்சிகையில் தோன்றியவள் யாரோ ஒரு விளம்பர அழகி. திரையில் தோன்றுபவளோ உடன் பயிலும் தோழி. அல்லது ரொறன்ரோவில் வாழும் மச்சாள். நாற்பது படங்கள் எடுத்து, ஒன்றைத் தெரிந்து, அதனையும் மெருகூட்டியே அவள் பதிவேற்றுகிறாள் என்பது பார்ப்பவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மனம் ஒப்பிடவே செய்கின்றது. ஆண்பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். அவர்களின் கவலை தசைகளைப் பற்றியது.

பேஸ்புக் நிறுவனத்தின் உள்ளக ஆய்வுகள் 2021இல் வெளிவந்தன. தம் உடலைப் பற்றி வருந்தும் வேளையில் இன்ஸ்ரகிராம் அவ்வருத்தத்தைக் கூட்டியதாகப் பதின்ம வயதுப் பெண்களில் 32 வீதத்தினர் கூறியிருந்தனர். அந்த ஆய்வு தவறாகச் சித்திரிக்கப்பட்டதென்றும், அத்தளத்தால் நன்மை பெற்றோரும் உளரென்றும் நிறுவனம் பதிலளித்தது.

ஆறுதல் தரும் ஆய்வொன்று அயலிலுள்ள ஒட்டாவாவில் நடந்தது. கரி கோல்ட்ஃபீல்ட் தலைமையிலான குழு 2023இல் அதனை வெளியிட்டது. பதட்டமோ மனச்சோர்வோ கொண்ட, 17 முதல் 25 வயது வரையான 220 மாணவர்கள் அதிற் பங்குபற்றினர். ஒரு சாராருக்கு மூன்று வாரங்கள் சமூக ஊடகம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே என வரையறுக்கப்பட்டது. பலர் அந்த எல்லையைச் சற்றுத் தாண்டவே செய்தனர். எனினும் தம் தோற்றத்தையும் எடையையும் பற்றிய அவர்களின் மதிப்பீடு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. தொலைபேசியைப் பறித்துப் பூட்டிவைக்கும் பெற்றோர் இதனைக் கவனித்தல் நன்று: அங்கே எவரிடமிருந்தும் எதுவும் பறிக்கப்படவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு நிறம் என்னும் சுமையும் உண்டு. 2017இல் ஃபேஸ்அப் செயலியின் 'கவர்ச்சி' வடிகட்டி கருமேனியை வெளுப்பாக்கியது; கண்டனம் எழவே நிறுவனம் மன்னிப்புக் கோரியது. ஆயினும் வெண்மையே அழகு என்பதைச் செயலியா கற்பித்தது? 1975 முதல் இந்தியாவில் விற்பனையான ஃபெயார் அன்ட் லவ்லி, 2020இலேயே பெயர் மாற்றப்பட்டது. அதற்கு முன்னரே, 2009இல், சென்னையின் விமன் ஒஃப் வேர்த் அமைப்பு 'கருமையும் அழகே' என்னும் பரப்புரையைத் தொடங்கியிருந்தது.

பூப்புனித நீராட்டு விழாப் படத்தில் மகளின் நிறம் இரண்டு படி கூட்டப்படுகின்றது. பணம் கொடுப்பவர் தந்தை. மண்டப வாசலில் "மெலிஞ்சு கறுத்துப் போனாய்" என்று நலம் விசாரிப்பவர் மாமி. அன்பினாற் சொல்லப்பட்டதாயினும், அன்றிரவு அந்தப் பிள்ளை எந்தப் படத்தைத் தேடுகிறாள் என்பதை மாமி அறியார்.

உணவைத் தவிர்த்தல், உண்டபின் வாந்தியெடுத்தல், படமெடுக்கும்போது ஒளிதல் ஆகியவை தொடருமாயின் மருத்துவரை நாடுதல் வேண்டும். மொன்றியலின் டக்ளஸ் மருத்துவமனையில் உணவுண்ணற் கோளாறுகளுக்கான தனிப் பிரிவு உண்டு. எங்கே தொடங்குவதெனத் தெரியாதோர் 811 என்னும் இலக்கத்தை அழைத்து, உளசமூக உதவிக்காக 2ஐ அழுத்தலாம். அழைப்பது இலவசம், பெற்றோரும் அழைக்கலாம்.